லண்டனில் நாள் வாடகை: 90 இரவுக்குள் நின்றால் மட்டும் போதாது

லண்டனில் வீட்டை நாள் கணக்கில் வாடகைக்கு விட கவுன்சிலிடம் (உள்ளூராட்சி சபையிடம்) லைசென்ஸ் எடுக்கத் தேவையில்லை. இந்த ஒரு வரியைக் கேட்ட கையோடு பலர் படுக்கை விரிப்பு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். லைசென்ஸ் இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக இருப்பது ஒரு தடைச் சட்டமும், அந்தத் தடையிலிருந்து நிபந்தனையோடு கொடுத்த ஒரு விலக்கும். நிபந்தனை தவறினால் விலக்கு போய்விடும், தடை மட்டும் மிஞ்சும். ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங் என்று எங்கள் ஆட்கள் வீடு வைத்திருக்கிற இடமெல்லாம் இதே சட்டம்தான். 32 பரோக்களுக்கும் சிட்டி ஒஃப் லண்டனுக்கும் பொது.

தடை 1973ஆம் ஆண்டின் கிரேட்டர் லண்டன் கவுன்சில் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. குடியிருப்பு வீடொன்றில் ஒரே ஆள் தொடர்ச்சியாக 90 இரவுக்குக் குறைவாகக் காசு கொடுத்துத் தங்கினால், அது தற்காலிகத் தங்கிடம். வீட்டை அப்படிப் பாவிப்பதை, வீட்டின் பயன்பாட்டையே மாற்றியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பயன்பாட்டை மாற்ற கவுன்சிலின் பிளானிங் (கட்டிட, நிலப் பயன்பாட்டு) அனுமதி வேண்டும். 2015இல் டீரெகுலேஷன் சட்டம் இதைத் தளர்த்தி, இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஒன்று, அந்த வீட்டில் ஒரு நாட்காட்டி ஆண்டில் இப்படிப்பட்ட இரவுகள் 90ஐத் தாண்டக் கூடாது. மற்றது, இடம் கொடுப்பவர் அந்த வீட்டுக்குக் கவுன்சில் வரி கட்டும் பொறுப்புள்ளவராக இருக்க வேண்டும். பலர் சேர்ந்து கொடுத்தால் அவர்களில் ஒருவராவது அப்படி இருக்க வேண்டும். முதல் நிபந்தனை எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆட்கள் விழுவது பெரும்பாலும் அதில்தான்.

இரவை எண்ணுவது

கணக்கு வீட்டுக்கு. ஆளுக்கோ விளம்பரத்துக்கோ இல்லை. எயார்பிஎன்பி என்ற இணையப் பதிவுத் தளம் 2017இலிருந்து லண்டனில் முழு வீட்டு விளம்பரங்களை 90 இரவு ஆனதும் தானாகவே நிறுத்திவிடுகிறது. அதனால் எண்ணும் வேலை தங்களுடையது இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தளத்தின் எண்ணிக்கை அடுத்த தளத்துக்குத் தெரியாது. ஒன்றில் 60, இன்னொன்றில் 60 என்று விட்டால் இரண்டு தளமும் பேசாமல் இருக்கும், வீட்டின் கணக்கு 120 ஆகியிருக்கும். முகநூலில் பார்த்து நேரே போன் எடுத்து வந்தவர்கள் தங்கிய இரவும் இதில் சேரும். ஆண்டு நடுவில் வீட்டை வாங்கினால், முன்னைய உரிமையாளர் அந்த ஆண்டில் விட்ட இரவுகளும் சேரும். முன்பு விட்டது வேறு ஆள் என்பது பொருட்டில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆகவே வீடு வாங்கும்போது விற்பவரின் சொலிசிட்டரிடம் இந்த எண்ணிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டு என்றால் ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. வருமான வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குவதால், கணக்காளர் கொடுத்த தாளை வைத்து இரவை எண்ணினால் பிழையாகிவிடும். டிசெம்பர் 29 வந்து ஜனவரி 3 காலையில் போகிறவருக்குப் பழைய ஆண்டில் 3 இரவு, புதிய ஆண்டில் 2 இரவு. யூலை, ஓகஸ்ட் முழுதும் விட்டால் அதிலேயே 62 போய்விடும். ஈஸ்டருக்கு 14 இரவு கொடுத்திருந்தால் மிச்சம் இருப்பது 14. கிறிஸ்மஸ் காலத்துக்கு அது மட்டும்தான்.

90 இரவோ அதற்கு மேலோ ஒரே ஆள் தொடர்ந்து தங்கினால் அது கணக்கில் வராது. இதிலும் ஒரு குழி இருக்கிறது. "மூன்று மாதம்" என்று வாய்க்கணக்கில் பேசி பெப்ரவரி 1 முதல் மே 1 காலை வரை கொடுத்தால், 28, 31, 30 என்று கூட்டி 89 இரவுதான் வரும். ஓர் இரவு குறைந்த குற்றத்துக்காக 89ம் உங்கள் கணக்கில் ஏறும். நீண்ட காலம் தங்குபவரிடம் வேறொரு கவனமும் வேண்டும். அவருக்கு அதுவே குடியிருக்கும் வீடாகிவிட்டால் அவர் விருந்தாளி இல்லை, வாடகைக் குடியிருப்பாளர். இங்கிலாந்தில் 2026 மே 1 தொடக்கம், காரணம் சொல்லாமல் வீட்டை விட்டு எழுப்புகிற 21ஆம் பிரிவு நோட்டீஸ் கிடையாது. அவர் வேறெங்கோ நிரந்தர வீடு வைத்திருக்கிறார் என்பதற்கு ஆதாரமும், வந்த காரணமும் எழுத்தில் இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா குடும்பம் சும்மா தங்கினால் அது கணக்கில் இல்லை. சட்டம் பார்ப்பது வியாபாரமாகக் காசுக்குக் கொடுத்ததை. அதே சித்தப்பா தளம் வழியாகப் பதிவு செய்து காசு கட்டினால் அது எண்ணப்படும் இரவு.

நீங்கள் குடியிருந்துகொண்டே ஓர் அறையை மட்டும் விடுவதைத் தளங்கள் 90க்குள் எண்ணுவதில்லை. ஆனால் சட்டம் வீடு என்று சொல்லும்போது கட்டிடத்தின் ஒரு பகுதியையும் சேர்த்தே சொல்கிறது. ஆண்டு முழுக்க ஓர் அறையை விடும் யோசனை இருந்தால் கவுன்சிலின் பிளானிங் பிரிவிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தளம் எண்ணவில்லை என்பதைக் கவுன்சில் ஒரு பதிலாக ஏற்காது.

கவுன்சில் வரி என்ற இரண்டாம் நிபந்தனை

ஆள் குடியிராத, தளபாடம் போட்ட இரண்டாவது வீடுகளுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்க 2025 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கடிதம் வந்ததும் யாராவது ஒருவர் "வீட்டை வியாபார வரிக்கு மாற்று" என்று ஆலோசனை சொல்வார். ஆண்டில் 140 இரவு வாடகைக்குத் திறந்து வைத்து, உண்மையாகவே 70 இரவு விட்டிருந்தால் வியாபார வரிக்கு மாறலாம். வியாபார வரிக்கான மதிப்பீட்டுப் பெறுமதி 12,000 பவுணைத் தாண்டாவிட்டால் சிறு வியாபாரச் சலுகையில் வரியே இல்லாமலும் போகலாம். கோர்ன்வோலில் கடற்கரை வீடு வைத்திருப்பவருக்கு இது சரியான கணக்கு. லண்டனில் இதைச் செய்தால் கவுன்சில் வரிப் பொறுப்பு நின்றுவிடும். அது நின்ற அன்றே 90 இரவு விலக்கும் இல்லை, முதல் இரவிலிருந்தே பிளானிங் மீறல். வரியை மிச்சம் பிடிக்கப் போய் அடித்தளத்தையே தோண்டுகிற வேலை இது. லண்டனுக்கு வெளியே செல்லுபடியாகிற ஆலோசனையை லண்டனுக்குள் கொண்டுவருவதால்தான் இந்தப் பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது.

கவுன்சிலிடம் போகுமுன் அலமாரியைத் திறவுங்கள்

வீடு தொடர்மாடியில் இருந்தால் முதலில் எடுக்க வேண்டியது லீஸ் (நீண்டகாலக் குத்தகை) பத்திரம். "தனிப்பட்ட வசிப்பிடமாக மட்டும் பாவிக்க வேண்டும்" என்ற வரி பெரும்பாலான லீஸ்களில் இருக்கும். 2016இல் மேல் தீர்ப்பாயம் இந்த வரியை நேராக எடுத்துப் பார்த்தது. சில நாள், ஒரு வார இறுதி என்று வந்து போகிறவருக்கு அந்த பிளாட் வசிப்பிடம் ஆகாது, வசிப்பிடம் என்றால் ஓரளவு நிரந்தரம் வேண்டும், ஆகவே நாள் வாடகை லீஸ் மீறல் என்று தீர்ந்தது. கவுன்சில் சட்டத்தில் 90 இரவு சரியாக இருந்தாலும் லீஸ் மீறல் மீறல்தான். நிலவுரிமையாளர் தீர்ப்பாயத்தில் மீறலை நிறுவி, அதன் பிறகு லீஸைப் பறிக்கும் நோட்டீஸ் வரை போகலாம். வழக்குச் செலவைக் குத்தகையாளர் தலையில் கட்டும் வரியும் அதே பத்திரத்தில் பல வேளை இருக்கும். "வியாபாரம்", "இடையூறு", "உள்வாடகை", "தனிக் குடும்பம்" என்ற சொற்கள் வரும் இடங்களை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டு வாசியுங்கள். கவுன்சில் வாடகையாளர் தன் வீட்டையே வாங்கும் ரைட் டு பை உரிமை மூலம் வாங்கிய பழைய கவுன்சில் பிளாட்டாக இருந்தால் நிலவுரிமையாளரே கவுன்சில்தான். லீஸைக் கவனிக்கிற பிரிவும் பிளானிங் பிரிவும் ஒரே கவுன்சிலில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ வாடகைக்கு இருப்பவர் அதை இப்படி விடுவது 2013 முதல் குற்றவியல் குற்றமாகலாம். ஏமாற்றிச் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதில் விலக்கு தேடாதீர்கள்.

வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வாடகைக்கு விடுவதற்கென்று எடுத்த பை டு லெட் கடன் இருந்தாலும் போதாது. அதன் நிபந்தனைகள் பொதுவாக ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்கும் வாடகையாளரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காப்புறுதியும் அப்படித்தான். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் காசு கொடுத்துத் தங்குபவரால் வரும் சேதம், பூட்டை உடைக்காமல் நடந்த களவு ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். போனில் "பரவாயில்லை" என்று சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பொலிசியில் ஏற்றிய தாள் கையில் இருக்க வேண்டும்.

தீப்பாதுகாப்பு

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிளானிங் பிழை காசோடு போகும், இங்கே விடுகிற பிழை உயிரோடு போகும்.

குடும்பம் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டம் நுழைவதில்லை. காசு கொடுத்து ஒருவர் படுத்த நிமிடமே அது பொருந்தும், பொறுப்பாளர் நீங்கள். தீ அபாய மதிப்பீடு செய்து, 2023 ஒக்டோபர் 1 தொடக்கம், அதை முழுதாக எழுத்தில் வைத்திருக்க வேண்டும். சிறிய இடங்களுக்காக அரசாங்கம் 2023இல் எளிமையான கையேடு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. நிலத்தளமும் முதல் மாடியும் மட்டும் உள்ள, நான்கு படுக்கையறையைத் தாண்டாத வீடென்றால் அதை வைத்து நீங்களே மதிப்பீடு எழுதலாம். லொஃப்ட் (கூரையடி அறை) எழுப்பி மூன்றாம் தளத்தில் படுக்கையறை போட்ட வீடு அந்த எளிய அளவுக்கு வெளியே போய்விடும். ஹரோவிலும் இல்ஃபோர்டிலும் பாதி வீடு அப்படித்தான் இருக்கிறது. அதற்குத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள்.

அலாரங்கள் மின்கம்பியில் இயங்கி, உள்ளே பற்றரியும் கொண்டு, ஒன்று அலறினால் எல்லாம் அலறும்படி இணைந்திருக்க வேண்டும். கூடத்திலும் மாடிப்படி முடியும் இடத்திலும் மட்டும் என்று நிறுத்தாமல், இருக்கையறையிலும் படுக்கையறைகளிலும் புகை அலாரம் வையுங்கள். சமையலறைக்கு வெப்ப அலாரம். செத்தல் மிளகாய் தாளிக்கிற சமையலறையில் புகை அலாரம் பூட்டினால் அது முதல் நாளே கத்தும், தங்க வந்தவர் அதன்மேல் துணியைக் கட்டிவிடுவார். வெப்ப அலாரம் தாளிதப் புகைக்கு அசையாது. பொயிலர் உள்ள அறைக்குக் கார்பன் மொனொக்சைட் அலாரம் தனியாக வேண்டும்.

வெளிக்கதவை உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும். பழைய யுபிவிசி கதவுகளில் இரு பக்கமும் சாவி போடுகிற சிலிண்டர் இருக்கும். இரவில் உள்ளே பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டால், புகைக்குள் அதைத் தேட முடியாது. உள்பக்கம் திருகுபிடி உள்ள யூரோ சிலிண்டருக்கு மாற்றுங்கள். கதவின் விளிம்பில் இருக்கும் ஒரே திருகாணியைக் கழற்றி, சாவியைச் சற்றுத் திருப்பினால் சிலிண்டர் வெளியே வரும். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக மில்லிமீற்றரில் அளந்து வாங்குங்கள். 35க்கு 45 என்றால் எது வெளிப்பக்கம், எந்தப் பக்கம் திருகுபிடி வர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றி வாங்கினால் பொருந்தாது.

சமையலறைக்குள்ளால்தான் வெளியே வர முடியும் என்ற பின்னறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். அந்த அறைக்குத் தப்பிக்கும் ஜன்னல் இருக்கிறது என்று சொல்ல, திறக்கும் பகுதி குறைந்தது 0.33 சதுர மீற்றர், அகலமும் உயரமும் தலா 450 மில்லிமீற்றருக்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1,100 மில்லிமீற்றருக்கு மேலே போகாமல் இருக்க வேண்டும். 450க்கு 450 போட்டால் 0.2025தான் வரும். இரண்டு அளவும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காஸ் இருந்தால் 12 மாதத்துக்கு ஒருமுறை காஸ் சேஃப் பதிவுள்ள பொறியாளர் பார்த்துப் பதிவுத்தாள் தர வேண்டும், அதை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். சோபா, மெத்தை வைத்த நாற்காலி எல்லாவற்றிலும் 1988 தீத்தடுப்பு ஒழுங்குவிதிப்படி தைத்த நிரந்தர லேபிள் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சொந்தக்காரர் வீடு மாறும்போது தந்துவிட்டுப் போன பழைய சோபாவில் அந்த லேபிள் இல்லாவிட்டால் அது வாடகை வீட்டுக்கு ஆகாது.

தங்குபவர் பதிவு

இதைச் செய்பவர் மிகக் குறைவு. 1972ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டளைப்படி, காசுக்குத் தங்கும் 16 வயது நிறைந்த ஒவ்வொருவரின் முழுப்பெயர், குடியுரிமை, வந்த திகதி ஆகியவற்றை எழுதி 12 மாதம் வைத்திருக்க வேண்டும். பதிவு செய்தவர் பெயர் மட்டும் போதாது, கூட வந்த பெரியவர்கள் எல்லாரும் சேர்த்தி. பிரித்தானியர், ஐரிஷ்காரர், கொமன்வெல்த் நாட்டவர் அல்லாதவர்களிடம் கடவுச்சீட்டு இலக்கமும், அடுத்து எங்கே போகிறார்கள் என்பதும் கூடுதலாகக் கேட்க வேண்டும். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், கனடா எல்லாம் கொமன்வெல்த். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவரிடம் பெயரும் குடியுரிமையும் போதும். பாரிஸிலிருந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் வரும் மச்சானிடம் கடவுச்சீட்டு இலக்கத்தையும் அடுத்துப் போகும் இடத்தையும் கேட்க வேண்டும்.

வரி

தளங்கள் 2024 ஜனவரி தொடக்கம் உங்கள் வருமான விவரத்தைச் சேகரித்து, ஒவ்வோர் ஆண்டுக்குரியதையும் அடுத்த ஜனவரி 31க்குள் எச்எம்ஆர்சி என்ற பிரித்தானிய வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கின்றன. ஆகவே மறைக்கிற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் தளபாடமிட்ட அறையென்றால் ஆண்டுக்கு 7,500 பவுண் வரை ரென்ட் எ ரூம் சலுகை. மற்றபடி 1,000 பவுண் சொத்து வருமானச் சலுகை. விடுமுறை வீடுகளுக்கென்று இருந்த தனி வரிச்சலுகை 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டுவிட்டது, வீட்டுக்கடன் வட்டிக்கு இப்போது 20 சதவீதக் கழிவுதான்.

கடை வைத்திருப்பவர்கள் வற் (பெறுமதி சேர் வரி) விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாதாரண வீட்டு வாடகைக்கு வற் இல்லை, விடுமுறைத் தங்கிடத்துக்கு 20 சதவீதம் உண்டு. பதிவு எல்லை 90,000 பவுண் என்பதால் நாள் வாடகை மட்டும் செய்பவர் பெரும்பாலும் அதைத் தொடமாட்டார். ஆனால் வற் பதிவு கடைக்கு இல்லை, ஆளுக்கு. மூலைக்கடையைக் கம்பெனியாக்காமல் சொந்தப் பெயரில் வற் பதிவோடு நடத்துபவர், அதே பெயரில் வீட்டையும் விட்டால், முதல் பவுணிலிருந்தே ஆறில் ஒரு பங்கு வற்றுக்குப் போகும். 600 பவுண் வாங்கினால் 100 எச்எம்ஆர்சிக்கு. விலை போடும் முன்னரே கணக்காளரிடம் இதைக் கேளுங்கள்.

கடிதம் வந்தால்

கவுன்சிலுக்குச் செய்தி போவது பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து. சில்லுப் பெட்டி இழுபடும் சத்தம், தப்பான நாளில் வெளியே வைத்த குப்பைப் பை, வாசலை மறித்த கார். நாள் வாடகை வீட்டுக் குப்பையைச் சில கவுன்சில்கள் வணிகக் குப்பையாகவே பார்க்கின்றன, அதைத் தொடக்கத்திலேயே விசாரித்து வையுங்கள். அதிகாரிகள் வீட்டு வாசலுக்கு வருமுன் விளம்பரத்தின் கீழுள்ள விமர்சனங்களைத்தான் எண்ணுவார்கள். மாதமும் ஆண்டும் போட்டு அவை எல்லாருக்கும் தெரியும்படி கிடக்கின்றன.

முதலில் வருவது பொதுவாகப் பிளானிங் மீறல் பற்றிய விசாரணை நோட்டீஸ். பதில் சொல்ல 21 நாள். பதில் சொல்லாமல் விடுவதே தனிக்குற்றம், பொய் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். எல்லாத் தளங்களின் பதிவு அறிக்கைகளையும், இரவு வாரியாக ஓடும் ஒரு தாளையும், கவுன்சில் வரிப் பில்லையும் இணைத்து அனுப்புங்கள். இவை கையில் இருப்பவருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இல்லாதவருக்கு அடுத்து வருவது அமுலாக்கல் நோட்டீஸ். அது நடைமுறைக்கு வரக் குறைந்தது 28 நாள் இருக்கும், அந்தத் திகதிக்கு முன்னரே மேன்முறையீடு போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் எடுக்கமாட்டார்கள். நோட்டீஸை மீறி விட்டால் அபராதத்துக்கு மேல் எல்லை கிடையாது, குற்ற வருமானமாக வாடகைக் காசைப் பறிக்கவும் கவுன்சில் கேட்கலாம். நான்கு ஆண்டு தாண்டினால் தப்பலாம் என்றும் நினைக்காதீர்கள், இப்படியான பயன்பாட்டு மாற்றத்துக்கு எல்லை 10 ஆண்டு.

90க்கு மேல் விட பிளானிங் அனுமதி கேட்கலாமே என்றால், கேட்கலாம். குடியிருக்க வீடில்லாத நகரத்தில் ஒரு வீட்டை விடுதியாக்குவதற்குக் காரணம் காட்ட வேண்டும். லண்டன் மேயரின் நகரத் திட்டமான லண்டன் பிளானின் எச்9 கொள்கையே, இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் வீட்டுத் தேவையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சாதாரண வீதியில் ஒரு குடும்ப வீட்டுக்கு அது கிடைக்கும் என்று நம்பி விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுவதைவிட, ஆண்டின் மிச்ச மாதங்களுக்கு 90 இரவுக்கு மேல் தங்கும் மருத்துவமனை ஊழியரையோ, ஒப்பந்த வேலைக்கு வருபவரையோ தேடுவது நல்லது. ஆளைச் சேர்க்கும் முன் மேலே சொன்ன குடியிருப்பாளர் பிரச்சினையைச் சொலிசிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்கொட்லாந்தில் வீடு வைத்திருப்பவர்கள் இதில் எதையும் அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அங்கே லைசென்ஸ் கட்டாயம், சொந்த வீட்டில் ஓர் அறை விட்டாலும் வேண்டும், புதிதாகத் தொடங்குபவர் அது கைக்கு வருமுன் ஓர் ஆளைக்கூடத் தங்க வைக்க முடியாது.